சட்டித் தொப்பி

குதிரைப்பாறைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில் சைக்கிள் ஓட்ட, மிதிக்கத் தெரிய வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கத் தெரிந்தால் போதும். தோட்டத்து ஆபீஸ் நமுனுகுல மலையின் இடுப்பில் இருந்தது. அதன் வாசலில் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டால், கீழே பெரிய ரோட்டின் தார் தட்டுப்படும்வரை சைக்கிள் தானாகவே உருண்டு போகும். திரும்பி வரும்போதுதான் வேலை. முழுத் தூரமும் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும்.

"போறப்ப அது என்னயத் தூக்கிட்டுப் போகுது, வர்றப்ப நான் அதத் தூக்கிட்டு வர்றேன். யாருக்கு யாரு கூலின்னே தெரியல" என்பார் தபால்காரர் அழகையா.

தபால்காரர் என்று பெயரே தவிர, அவர் சுமந்ததில் தபால்தான் கனம் குறைந்தது. காலையில் ஆபீஸ் பையோடு இறங்கிப் பதுளைத் தபால் கந்தோரில் கொடுத்துவிட்டு, வந்த கடிதங்களை வாங்குவார். பிறகு துரை பங்களாவுக்குப் பாண் ரொட்டி, இறைச்சி, கிளாக்கர் வீட்டுக்கு மருந்து, லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் சொல்லிவிட்ட நூல்கண்டு, சாந்துப்பொட்டு, யாரோ ஒருவருடைய அறுந்த செருப்பு. எல்லாம் பின்கரியலில் கட்டிய சாக்குப் பெட்டிக்குள் ஏறும்.

இந்த வேலை அவருக்கு வந்த விதம் வேறு. முன்பு அவர் பாக்டரியில் தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலரில் நின்றவர். ஒருநாள் ரோலர் அவருடைய இடது கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மிஞ்சின. அந்தக் கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது, கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது. சைக்கிள் ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். அதுவரை தபால் சுமந்த மருதை செத்து இடம் காலியானபோது, "உனக்கு இத விட்டா வேற வேல இல்ல" என்று சொல்லிச் சைக்கிளைக் கொடுத்தார்கள். அது உண்மைதான் என்று அழகையாவுக்கும் அவர் மனைவி வடிவம்மாவுக்கும் தெரியும்.

அந்தச் சைக்கிளின் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கம்பி பிரேக். ஹேண்டிலின் வலது பக்கத்துப் பிடியை இழுத்தால் ஒரு கம்பி முன்சக்கரத்துக்கு இறங்கிப் போய், லாடம் போல வளைந்த ஓர் இரும்பை மேலே தூக்கும். லாடத்தின் இரண்டு நுனியிலும் ரப்பர்க் கட்டைகள் உண்டு. அவை ரிம்மின் உட்பக்கத்தை அழுத்தும். இடது பிடி இதையே பின்சக்கரத்துக்குச் செய்யும். இறக்கத்தில் ஆளின் பாரம் முழுக்க முன்னால் சாய்வதால் முன்பிரேக்தான் உண்மையில் வண்டியை நிறுத்துவது. அழகையாவின் இடது கைக்கு இழுக்கும் பலமும் இல்லை. ஆகவே அவருடைய உயிர் வலது கையில் இருந்தது.

வெயில் காலத்தில் அது போதும். மழையில் வேறு கதை. நனைந்த ரிம்மில் தண்ணீர் எண்ணெய் போலப் படிந்திருக்கும். ரப்பர் அழுத்தினாலும் வழுக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றி, ரப்பர் அந்தத் தண்ணீரைத் துடைத்தெடுத்த பிறகுதான் பிடி விழும். சமதரையில் அந்தச் சில சுற்று ஒன்றும் இல்லை. இறக்கத்தில் அதற்குள் சைக்கிள் குதிரையாகிவிடும். அதனால் மழை நாளில் அழகையா ஆபீஸ் வாசலிலேயே பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்து, பெரிய ரோடு வரும்வரை விடவே மாட்டார். விட்டால் ரிம் மறுபடி நனையும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்பு முள்ளுமுருங்கைக் கொப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்னால் தரையில் இழுபட விடுவார். அது வண்டியை நன்றாகவே தாமதப்படுத்தியது. கொப்பு பாதையைக் கீறுகிறது என்று ஆள்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை தங்கராஜா அதை நிறுத்திவிட்டார்.

மருதை செத்த இடம் மூன்றாவது வளைவு. அங்கே மலையிலிருந்து விழும் ஓடை பாதைக்கு அடியில் கல்போக்கு வழியாகப் போகிறது. போக்கின் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் சுவர். வளைவில் வேகம் தப்பினால் சைக்கிள் சுவரில் மோதும். சைக்கிள் நிற்கும், ஆள் நிற்கமாட்டார். மருதையின் தலை சுவரின் மேல் விளிம்பில் பட்டது. முட்டையைப் பாத்திர விளிம்பில் தட்டுகிற மாதிரி என்று, பார்த்தவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் அதற்குப் பிறகு பல நாள் முட்டை தொடவில்லை.

தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த துரை கொழும்புக்காரர். மோட்டார் சைக்கிள் பைத்தியம். மருதையின் சாவைக் கேட்டதும் பங்களாவிலிருந்து தன்னுடைய பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து ஆபீஸ் மேசையில் வைத்தார். துரையின் தமிழ் துண்டு துண்டாக வரும்.

"இது தலையிலே இருக்கணும். தலையிலே இல்லே, தபால் வேலை இல்லே. இது இல்லாம விழுந்தா தோட்டம் பொறுப்பு இல்லே. விளங்கிச்சா?"

"வெளங்குதுங்க தொரை" என்றார் அழகையா.

நல்ல சாமான் அது. வெளியே கெட்டியான ஓடு. உள்ளே கார்க். அதற்கும் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நாடா. அடி விழுந்தால் ஓடு அதை ஓரிடத்தில் நிற்கவிடாமல் பரப்பும். கார்க் நசுங்கி மிச்சத்தைக் குடித்துவிடும். நாடா தலையை ஓட்டில் முட்டவிடாமல் தள்ளிப் பிடிக்கும். காதுக்கு இரண்டு தோல் மடிப்பு. தாடைக்கடியில் தோல்வார், அதில் ஒரு சின்னப் பித்தளைப் பக்கிள். பக்கிளைப் பூட்டினால்தான் மற்றதெல்லாம் வேலை செய்யும்.

லயத்தில் அதற்குச் சட்டித் தொப்பி என்று பெயர் விழுந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெரியாயி தொடங்கிவைத்தாள். "ஏன்டி வடிவு, ஒம்புருசன் சட்டியத் தலையில கவுத்துக்கிட்டுப் போயிட்டான். பகலைக்கு எதுலடி சோறாக்குன?"

"ஒன் வீட்டுச் சட்டியிலதான் அக்கா. அது எந்நாளும் சும்மாதான கெடக்கு" என்றாள் வடிவம்மா. பீலித் தண்ணீரைவிடச் சத்தமாகப் பெண்கள் சிரித்தார்கள்.

வடிவம்மாவின் அண்ணன் லிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. வடிகால் கான் வெட்டும் கும்பலில் வேலை செய்தவர், தொழிற்சங்கத்தில் தோட்டக் கமிட்டித் தலைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகையாவோடு பதுளைக்குப் போனபோது, பஸாரில் இத்ரூஸ் நானாவின் சைக்கிள் கடையில் அவர் வாய் திறந்தது. இத்ரூஸ் நானா முன்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்து ரப்பர்க் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, சட்டம் சைக்கிள்காரன்கிட்ட என்னா கேக்குது? மணி கேக்குது, லாம்பு கேக்குது, பிரேக்கு கேக்குது. தலைய ஏதாச்சும் கேக்குதா?"

"இப்ப கேக்கல்ல. கேக்கத்தான் போகுதாம். கொழும்புல மோட்டார் சைக்கிளுக்குத் தொப்பிச் சட்டம் கொண்டு வாறதா கதையொண்டு ஈக்கி" என்றார் இத்ரூஸ்.

"அங்கதான் சூழ்ச்சி. அந்தப் போக்குச் சுவத்த இடிச்சு அகலமாக் கட்டுங்கன்னு சங்கத்துல எழுதிக் குடுத்தோம். வளவுல வெள்ளக் கல்லு நடுங்கன்னோம். எடது கை வெளங்காதவனுக்கு ரெண்டு பிரேக்கையும் வலது கையில கொண்டாந்து பூட்டுங்கன்னோம். ஒண்ணும் நடக்கல. ஒரு பழைய தொப்பியக் குடுத்தாச்சு. இனிமே இவன் விழுந்தா ரோட்டுல குத்தமில்ல, பிரேக்குல குத்தமில்ல. தொப்பி போட்டியா போடலியான்னு ஒத்தக் கேள்வி."

இத்ரூஸ் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தார். "செல்றேன் கேளுங்க தம்பி. பிரேக்கு விழ முந்தி. தொப்பி விழுந்த பொறகு. ரெண்டும் வேற வேற சாமான். ரோடு செய்யல்லண்டு தொப்பிய வீசினா மண்டை யாருட? தொரைட மண்டையா?"

"அப்ப ரோடு?"

"ரோட்டுக்கு நீங்க சண்ட புடிங்க. அது வரைக்கும் இவர் தலையில போட்டுக்கிட்டு ஈக்கட்டும். எனத்தையன் நட்டம்?" அழகையா பக்கம் திரும்பினார். "பக்கிளப் பூட்டுங்க. பூட்டாத தொப்பி காத்துக்குப் போறது."

"வேர்க்குது நானா" என்றார் அழகையா.

"செத்த மையத்துக்கு வேர்க்காது" என்றார் இத்ரூஸ் நானா. லிங்கமே சிரித்துவிட்டார்.

மூன்று பேரும் எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அது அவர்களுக்கு மூச்சு விடுவதைப்போலப் பழகிப்போன ஒன்று.

தோட்டத்தில் துரை வந்தால் குடை மடங்க வேண்டும். தலைப்பாகை இறங்க வேண்டும். தலையில் போட்ட கம்பளி தோளுக்கு வர வேண்டும். சைக்கிளில் வருபவன் குதித்து ஓரமாக நிற்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. தவழும் பிள்ளைக்கே தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் மலைச்சரிவு முழுக்கத் தலைகள் திறக்கும். அழகையாவும் அதுவரை தலைப்பாகைதான் கட்டியிருந்தார். வலது கையால் ஒரே இழுப்பில் அது தோளுக்கு வந்துவிடும். சட்டித் தொப்பி அப்படி வராது.

அது வெளிப்பட்டது பெரட்டுக் களத்தில். விடிகாலையில் ஆள்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த மேட்டில், அழகையா பையோடும் சைக்கிளோடும் தயாராக நின்றிருந்தார். துரையின் மோட்டார் சைக்கிள் எதிர்பாராமல் பாக்டரிப் பக்கமிருந்து ஏறி வந்தது. களம் முழுக்கத் தலை திறந்தது. அழகையா பக்கிளைத் தேடினார். மிஞ்சிய இரண்டு விரலால் வாரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊசியைத் தள்ளினார். பனியில் தோல் இறுகியிருந்தது. துரை கடந்து போனார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தது தங்கராஜா.

தங்கராஜா ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, வெளுத்த காற்சட்டை, கையில் மெல்லிய பிரம்பு. நாலாம் லயத்தில் பிறந்து, முதுகு வளைத்து வளைத்தே அந்தக் காற்சட்டை வரைக்கும் வந்தவர். மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்ததும் அழகையாவிடம் வந்தார்.

"தொரை முன்னாடி தொப்பியோட நிக்கிறியா நீ?"

"இல்லங்கய்யா, பக்கிளு..."

பிரம்பு அவர் தலையில் இறங்கியது. 'டொக்' என்றது. தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். அழகையாவுக்கு வலிக்கவில்லை. வலிக்காததைக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டதுபோல நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் வரிசையில் பெரியாயிதான் முதலில் சிரித்தாள். பிறகு களமே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். தங்கராஜாவின் முகம் கறுத்தது. வாரைப் பிடித்து இழுத்தார். பக்கிள் அழகையாவின் தாடைத் தோலைக் கிழித்துக்கொண்டு அறுபடாமல் கழன்றது. தொப்பி புல்லில் விழுந்தது. திறந்த தலையில் பிரம்பு விழுந்தது. தலையில், காதில், பிடரியில். அழகையா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தடுத்தால் அது எதிர்ப்பதாகும். சைக்கிளை விழவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார். இடது காது மடல் பிளந்து இரத்தம் தபால் பையில் சொட்டியது. பிரம்பு நுனி உடைந்த பிறகு தங்கராஜா அடிக்கட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வைத்தார். லிங்கம் பாய்ந்தார். நான்கு பேர் அவரைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

"விடுங்கடா! அவன் மண்டையில இன்னைக்கு..."

"மாமா, வேணாம். பத்துச் சீட்டு குடுத்து வேலைய விட்டு நிப்பாட்டிருவானுங்க, வீட்டக் காலி பண்ணணும்" என்று ஒருவன் அவர் வாயைப் பொத்தினான்.

அழகையா தொப்பியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி மலையிறங்கிப் போனார். தபால் தாமதமாகக் கூடாது.

வீட்டில் வடிவம்மா காதுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டு அவர் வாயில் வைத்தாள். தாடை கிழிந்திருந்ததால் அவரால் அகலத் திறக்க முடியவில்லை. வாசலில் குந்தியிருந்த லிங்கம் எரிந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு நேரா தொரைகிட்டப் போறோம். போடச் சொன்னது நீங்க, போட்டதுக்கு அடிச்சது ஒங்க ஆளு, இதுக்கு ஞாயம் சொல்லுங்கன்னு கேக்குறோம்."

"வேணாம் மச்சான். தொரைகிட்டக் கணக்கப்புள்ளையப் பத்தி சொல்லிட்டு நான் இந்தத் தோட்டத்துல எந்த வேலையச் செய்ய? ரெண்டு வெரலு."

"அப்ப அடி வாங்கிக்கிட்டே இரு."

"போடணுமா கழட்டணுமான்னு தெரிஞ்சா போதும். அதுபடி செஞ்சுட்டுப் போறேன்."

"அத நான் கேக்குறேன்" என்றாள் வடிவம்மா.

மறுநாள் பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தங்கராஜாவின் முன்னால் போய் நின்றாள். முகத்தைப் பார்க்காமல், தராசைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, ஒரு வார்த்த. அந்தத் தொப்பியப் போடணுமா, கழட்டணுமா?"

தங்கராஜாவுக்கும் முந்திய நாள் கோபம் வடிந்திருந்தது. நியாயமாகவே பேசினார். "ரெண்டுந்தான். ரோட்டுல போடணும். தொரையக் கண்டா கழட்டணும். இதுல என்னா குழப்பம்?"

"பக்கிளு வரமாட்டேங்குதுங்கய்யா. அவருக்குக் கை..."

"பூட்டுனாத்தான வராது? பூட்டாம வுடச் சொல்லு. ஒரே இழுப்புல வந்துரும்."

"எறக்கத்துல வர்றப்ப தொரை எதுக்க வந்தா?"

"எறக்கமோ ஏத்தமோ, மரியாதைக்கு அது கெடையாது. தொப்பியத் தூக்கட்டும், அப்பறம் நிப்பாட்டி எறங்கட்டும். போ, அடுத்த கூடை."

இதைக் கேட்ட எல்லாருக்கும் சரியாகவே பட்டது. ரோட்டில் போட வேண்டும், துரையைக் கண்டால் கழற்ற வேண்டும். வடிவம்மாவுக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. லயத்து முற்றத்தில் அழகையா பழகிப் பார்த்தார். வலது கை போகிறது, தொப்பி வருகிறது. பத்துத் தரம் செய்து காட்டினார்.

"எடது கையால தூக்குனா என்னாங்க? வலது கை பிரேக்குலயே இருக்குமே" என்றாள் வடிவம்மா.

"எடது கையால சலாம் வச்சா அதுக்கு வேற தனியா அடி வாங்கணும்டி" என்று சிரித்தார். தாடைக் காயம் அந்தச் சிரிப்பில் மறுபடி கசிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊவாவில் அது ஒரே மூச்சாக விழுகிற மழையில்லை. மலை முழுக்க மேகத்துக்குள் போய்விடும், மேகமே தண்ணீராகக் கசியும். நாலைந்து நாளில் கான்கள் நிரம்பிப் பாதையில் ஏறின. மூன்றாவது வளைவில் கல்போக்கு அடைத்துக்கொண்டது. அதைத் திறக்க லிங்கத்தின் கும்பல் மண்வெட்டிகளோடு வந்திருந்தது. பாதைக்கு மேலே சரிவில் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தலையில் கம்பளியோடு கொழுந்து பறித்தார்கள். வடிவம்மா கீழ் வரிசையில் நின்றாள். பாதையோரத்தில் குடைக்குள் தங்கராஜா.

கீழேயிருந்து ஜீப் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. மழைக்குத் துரை ஜீப்பில்தான் வருவார்.

தங்கராஜா குடையை மடக்கினார். தன் சோலாத் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். மழை அவருடைய நரைத்த தலையில் விழுந்து புருவத்தில் வழிந்தது. சரிவில் கம்பளிகள் தோளுக்கு இறங்கின. லிங்கமும் ஒரு நொடி தயங்கிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். அந்த வளைவில் இருந்த எல்லாத் தலைகளும் நனைந்தன.

அப்போதுதான் மேலேயிருந்து அழகையா வந்தார்.

வடிவம்மா அவரைப் பார்த்தாள். முறையாகத்தான் வந்தார். வலது கை பிரேக்கில் இருந்தது. ரப்பர் ரிம்மை உரசும் சீரான சத்தம் மழையிலும் கேட்டது. அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். தொப்பி தலையில் இருந்தது, வார் இரண்டு பக்கமும் தொங்கி ஆடியது. ஜீப்பின் மூக்கு வளைவில் தெரிந்தது. அழகையா அதைக் கண்டார்.

வலது கை பிரேக்கை விட்டுத் தலைக்குப் போனது.

உரசும் சத்தம் நின்றது. சைக்கிள் அவருக்குக் கீழே சட்டென்று நழுவி ஓடியது. தொப்பியை அழகாகத்தான் தூக்கினார். முற்றத்தில் பழகியது போலவே ஒரே இழுப்பு. நெற்றி தெரிய, ஜீப்பைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். பிறகு தொப்பியை விரல்களில் மாட்டியபடியே கையைப் பிரேக்குக்குக் கொண்டுவந்து இறுக்கினார். ரிம் நனைந்துவிட்டது. ரப்பர் வழுக்கியது. இன்னும் சில சுற்றுக் கிடைத்திருந்தால் தண்ணீர் துடைபட்டுப் பிடித்திருக்கும்.

போக்குச் சுவர் அதற்கு முன்னால் இருந்தது.

லிங்கம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைகளை விரித்து ஓடினார். சைக்கிள் அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. மோதிய சத்தம் பெரிதில்லை. அடுத்து வந்த சத்தம் ஈரமாக இருந்தது. அழகையா சுவரின் விளிம்பில் பட்டு ஓடைக்குள் தலைகீழாக விழுந்தார். கடிதங்கள் தண்ணீரில் மிதந்து போக்குக்குள் போயின.

வடிவம்மா தேயிலை வாதுகளைக் கிழித்துக்கொண்டு சரிவில் உருண்டு வந்தாள். லிங்கமும் இன்னொருவரும் அவரை மேலே தூக்கிப் பாதையில் கிடத்தினார்கள். அவள் தலையை மடியில் எடுத்தபோது, பிடிக்க வேண்டிய இடம் கெட்டியாக இல்லை. விரல்கள் உள்ளே போயின. படங்குச் சாக்கு சூடாக நனைந்தது. அழகையாவின் கண் திறந்திருந்தது. மூச்சு இரண்டு முறை குமிழியோடு வந்தது. வலது கை எதையோ பிடிப்பதுபோல ஒருதரம் இறுகியது. பிறகு விரிந்தது.

சட்டித் தொப்பி பாதையில் உருண்டு வந்து, நின்றிருந்த ஜீப்பின் டயரில் முட்டிச் சாய்ந்தது.

துரை இறங்கினார். சுவரையும் மடியில் இருந்ததையும் பார்த்து வெளிறிப்போனார். தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட அதில் இல்லை.

"ஏன் கழட்டினான்?" என்று கேட்டார். "கணக்கப்பிள்ளை, நான் பார்த்தது. தலையிலே இருந்தது. என்னைக் கண்டு கழட்டினான். ஏன்?"

மழையில் நனைந்த தலையோடு, நெஞ்சில் தொப்பியோடு, தங்கராஜா குனிந்து நின்றார்.

"திமிருங்க தொரை. அந்தப் பக்கிள அவன் ஒருநாளும் பூட்டுனதில்ல. பூட்டு பூட்டுன்னு நானும் எத்தினியோ தரம் சொல்லிப் பாத்துட்டேன்."

வடிவம்மா நிமிர்ந்தாள். அவள் பேசுவதற்குள் லிங்கத்தின் கையில் மண்வெட்டி இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்து, காம்பால் வீசினார். முதல் அடி தங்கராஜாவின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. தங்கராஜா அலறிக்கொண்டு ஜீப்பின்மேல் விழுந்தார். கும்பல் நெருங்கியது. சரிவிலிருந்து பெரியாயி ஒரு கல்லை எறிந்தாள். அது ஜீப்பின் கண்ணாடியைச் சில்லாக்கியது. அடுத்த கல் தங்கராஜாவின் வாயில் பட்டு உதடு பிளந்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று துரை கத்தினார். அவரை யாரும் கேட்கவில்லை. அப்படி நடந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை.

லிங்கம் காம்பை மறுபடி தலைக்கு மேல் தூக்கினார். தங்கராஜா இரத்தம் ஒழுகும் வாயோடு சுற்றிலும் பார்த்தார். துரையின் கையில் சட்டித் தொப்பி இருந்தது. அதைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

'டொக்.'

பெரட்டுக் களத்தில் கேட்ட அதே சத்தம். காம்பு துள்ளியது. லிங்கம் இன்னும் ஓங்கி அடித்தார். 'டொக்.' இன்னொன்று. காம்பு நீளவாக்கில் பிளந்தது. தங்கராஜாவின் முழங்கால் மடங்கியது, ஆனால் தலை முழுசாக இருந்தது. லிங்கம் அதை எறிந்துவிட்டு, பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டியைப் பிடுங்கி இரும்புப் பக்கத்தை ஓங்கினார்.

"அண்ணே, நில்லு."

வடிவம்மா அழகையாவின் தலையைக் கம்பளியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மார்பிலிருந்து முழங்கால்வரை இரத்தம். வழி விட்டார்கள். தங்கராஜாவின் முன்னால் நின்றாள். இந்தத் தரம் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, தொரை நிக்கிறாரு."

தங்கராஜா புரியாமல் விழித்தார்.

"தொரை முன்னாடி தொப்பியோட நிக்கிறீங்க."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்ட அதே குரல்தான். தங்கராஜா துரையைப் பார்த்தார். லிங்கத்தின் கையிலிருந்த இரும்பையும் பார்த்தார். பார்த்தும், அவருடைய வலது கை எழுந்தது. முறிந்தது இடது தோள்தான். வலது கை, ஐம்பது வருடம் பழகிய கை, யாரையும் கேட்காமல் எழுந்து போய்த் தொப்பியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கியது. நெற்றி தெரிந்தது.

"கழட்டாதே!" என்று துரை அலறினார். "கழட்டாதே! போட்டுக்கோ!"

கை நின்றது. தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. தொப்பி பாதி தலையில் தொங்க, தங்கராஜா மழையில் அப்படியே நின்றார். வார் ஆடிக்கொண்டிருந்தது.

துரை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பாதையில் விரிந்து கிடந்த அழகையாவின் கையைப் பார்த்தார். சரிவில் கம்பளியைத் தோளில் இறக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்ற அத்தனை தலைகளையும் பார்த்தார். ஏன் கழட்டினான் என்று அவர் மறுபடி கேட்கவில்லை.